ஃப்ரிட்ஜை ஏத்தியாச்சா?

என் உயிரான ஸ்டெல்லா அக்காவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அத்தான் உயிரோடு இருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

காலையில் ஜெனிபர் போன் பண்ணினாள். நீ பார்க்காத உன் மருமகள். "சித்தி, மாமாவுக்கு நெஞ்சு வலிக்குது, வேர்த்துக் கொட்டுது. ஆட்டோ வாசல்ல நிக்குது, ஏற மாட்டேங்கறாரு. மோட்டார் போட்டிருக்கேன், டேங்க் ரொம்பட்டும்ங்கறாரு."

உன் பிள்ளை வேலைக்குப் போய்விட்டான். நான் சேலையூரில், அவர்கள் அனகாபுத்தூரில். கேம்ப் ரோடு நெரிசலில் நான் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும்? போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கெஞ்சினேன், அதட்டினேன். "வாயுதான் லீலா, சும்மா பயப்படாத" என்கிறார். மனுஷன் அசைந்தால்தானே. எனக்கு வந்த கோபத்தில் அது வாயில் வந்துவிட்டது.

"அத்தான், ஃப்ரிட்ஜை மாடிக்கு ஏத்தியாச்சா?"

அந்த வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். நீ படகில் உட்கார்ந்து கத்துகிறாய், இவர் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துப் படியேற்றிக்கொண்டிருந்தாரே. சாகும்வரை நீ அதை விடவில்லை. அவசரத்துக்குக் கிளம்பும்போது அவர் சீப்பைத் தேடினால்கூட இந்தக் கேள்விதான் கேட்பாய்.

போனில் கேட்டுக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் நின்றது. "செருப்பை எடும்மா" என்றார் ஜெனிபரிடம்.

பழைய கதையை ஒற்றைச் சொல்லால் தொட்டுக்காட்டுவது குறிப்பு என்று தமிழ் வகுப்பில் எத்தனை பிள்ளைகளை அறுத்திருக்கிறேன். அது ஆளை ஆட்டோவில் ஏற்றும் என்று எனக்கே தெரியாது. ஜெனிபர் பாவம், ஒன்றும் புரியாமல் விழித்திருப்பாள். அவருக்கு அந்தத் தண்ணீரும் உன் குரலும் சேர்ந்தே கேட்டிருக்கும். அவரும் போய்விட்டால் அந்தக் கேள்வியை நான் யாரிடம் கேட்பது, அக்கா? யாருக்குச் சுருக்கென்று தைக்கும்?

அடைப்பை எடுத்துவிட்டார்களாம். இன்றைய பொழுது தாண்டட்டும், அப்புறம் சொல்கிறேன் என்கிறார் டாக்டர். உள்ளே விட்டார்கள், போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்து மெதுவாக, "உங்க அக்காகிட்ட சொல்லிடாத, திட்டுவா" என்றார்.

சொல்லிவிட்டேன். நன்றாகத் திட்டு. ஆனால் நேரில் திட்டிக்கொள்ளலாம் என்று வழி பார்த்துக்கொண்டு நிற்காதே. இப்போதைக்கு அவரை நான் அனுப்புவதாக இல்லை.

உன் பிடிவாதக்காரத் தங்கை,
லீலா