என் வாட்ச், அவர் துடிப்பு

புரட்டாசி, செவ்வாய் இரவு.

ஆபீசில் எல்லோருக்கும் உடம்பைக் கவனிக்க ஒரு வாட்ச் கொடுத்திருக்கிறார்கள். நிறைய நடப்பவருக்குப் பரிசாம். நாற்காலியை விட்டு எழாத நான் எங்கே நடப்பது? விடியற்காலையில் வயலுக்குப் போகும் கணவர் கையில் தினமும் கட்டிவிட்டேன். அவர் வரப்பில் நடந்தார், போட்டியில் என் பெயர் ஏறியது.

இன்று ஆபீசுக்குக் கிளம்பும்போது வாட்சின் பதிவுகளைக் கண்காணிக்கும் ஆபீஸ் டாக்டர் போன் செய்தார். "மேடம், விடியக்காலைல உங்க இதயத்துடிப்பு தாறுமாறா இருக்கு. கொஞ்ச நாளாவே பாக்குறோம். உடனே ஈசிஜி எடுங்க."

விடியற்காலையில் அது என் கையிலேயே இல்லையே. உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. "அப்ப அவர கூட்டிட்டுப் போங்க, இன்னிக்கே."

இவர் வயலை விட்டு வர மறுத்தார். "மடைய தொறந்து வச்சிருக்கேன். நான் நல்லாத்தானே இருக்கேன்?" இழுத்துக்கொண்டு போனேன். ஈசிஜியும் அதையே சொன்னது. நாளை தஞ்சாவூரில் ஸ்கேன். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிறேன். இவர் இருமினால் எழுந்து வெந்நீர் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாதது ஒரு வாட்சுக்குத் தெரிந்திருக்கிறது. கும்பிடலாம் போலிருக்கிறது.

படுக்கும்போது கழற்றப் பார்த்தார். "ராத்திரிகூடவா போட்டி?"

"கட்டிக்கிட்டே தூங்குங்க."

இப்போது அவர் மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் மினுக்குகிறது. மார்பில் கை வைத்துப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருக்கிறது. என் கைக்கு எப்போதும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது.