உனக்குத் தெரியாமல் எடுத்த ஸ்கூட்டர்

காக்ஸ் டவுன், பெங்களூர்
11.8.1999

சிரஞ்சீவி அஷ்வத்துக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம், நீயும் லாவண்யாவும் அங்கே குறைவில்லாமல் இருக்கப் பெருமாள் அனுக்கிரகம் பண்ணட்டும். பிரஷர் கட்டுக்குள்தான் இருக்கிறது, அதைத்தான் போனில் கேட்டுவிட்டாயே. மீதியைச் சொல்வதற்குள் உன் காலிங் கார்டு தீர்ந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுதும் படி.

உன் ஸ்கூட்டரை ஓட்டியதற்காக என்மேல் கேஸ் ஆகியிருக்கிறது. பதறாதே, யாரையும் இடிக்கவில்லை, நானும் விழவில்லை. போன வியாழக்கிழமை அல்சூர் ஏரிப் பக்கம் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள், இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான், "லைசென்ஸ் தோர்ஸி சார்" என்று காட்டச் சொன்னார். என்னிடம் ஏது லைசென்ஸ்? முப்பத்திரண்டு வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைசென்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸிலேயே போய் வந்து ரிடையர் ஆனவன் நான். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாய். முதலில் கேட்டுக்குள்ளேயே உதைத்து ஐந்து நிமிஷம் ஓடவிடுவேன். அம்மா போனபிறகு ஒருநாள் தெருமுனை வரை போனேன், அப்புறம் ஏரி வரை. எட்டுப் போடுகிறவர்களை அத்தனை வருஷம் பார்த்தவனுக்கு ஓட்டவா தெரியாது? ஸ்டாண்டிலிருந்து இறக்கினால் எதிர்வீட்டு பாமா, எங்கே மாமா கிளம்பிட்டீங்க என்று கேட்கிறாள், ஒரு வேலை இருக்கிறது என்பேன். நடந்து போகிறவனை யாரும் கேட்பதில்லை. வேலை ஒன்றும் கிடையாது, ஏரியைச் சுற்றிவிட்டு வந்துவிடுவேன்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது ஐந்நூறு வரை அபராதம், இரண்டும்கூட வரலாம். அது மோட்டார் வாகனச் சட்டத்தில் 181-ஆம் பிரிவு. எனக்குப் பயம் அதில் இல்லை, அதற்கு முந்தைய 180-இல். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்ட வண்டியைக் கொடுத்த சொந்தக்காரனுக்கும் மூன்று மாதம் வரை உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது உன் பெயர். கிரீன் கார்டுக்கு இங்கிருந்து போலீஸ் சர்டிபிகேட் வேண்டும் என்று லாவண்யா சொன்னது சட்டென்று ஞாபகம் வந்து எனக்கு வியர்த்துவிட்டது. கோர்ட்டில் அபராதம் கட்டினால் முடிந்தது என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். பழைய குமாஸ்தா புத்தி விடுமா? வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, கார்பன் வைத்து, வண்டி என் மகனுடையது, அவனுக்குத் தெரியாமல், அவன் அனுமதி இல்லாமல் எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு தடவை படித்தார். "சார், இப்ப இது திருட்டுக் கேஸ் மாதிரி ஆகுதே" என்றார்.

திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி, உன் வயதுதான் இருக்கும். எங்கே உத்தியோகம் பார்த்தீர்கள் என்று கேட்டாள், சொன்னேன், கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், வெளியே வந்தபிறகுதான் அவமானமாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் இத்தனை உறைத்திருக்காது. நீங்கள் எழுதியது உண்மையானால் சொந்தக்காரரிடமிருந்து ஒரு கடிதம் கொண்டு வாருங்கள், அபராதத்தோடு முடித்துவிடுகிறேன் என்று செப்டம்பர் ஏழாம் தேதி போட்டிருக்கிறாள். வண்டி போன வியாழனிலிருந்து ஸ்டேஷனில் நிற்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து பேப்பரை இரண்டு தடவை படித்தேன்.

அவ்வளவுதான் விஷயம். வேளாவேளைக்குச் சாப்பிடு, அங்கே பனியில் கார் ஓட்டும்போது நிதானமாகப் போ, உன் லைசென்ஸ் எப்போது காலாவதி என்று பார்த்து வை. லாவண்யாவுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல். இருவரும் தீர்க்காயுசாக, சகல சௌபாக்கியத்தோடு இருங்கள்.

கடிதத்தை மட்டும் தள்ளிப்போடாதே, தபால் வந்து சேரப் பன்னிரண்டு நாளாகிறது. அப்பா வண்டி ஓட்டுவது எனக்குத் தெரியாது என்று மூன்று வரி போதும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அதே கையெழுத்தாகப் போடு. பொய் எழுதச் சொல்கிறேனே என்று நினைக்காதே. அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் எனக்குப் பொழுது எப்படிப் போகிறது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, உனக்கு எப்படித் தெரியும்?

இப்படிக்கு,
உன் அப்பா
ரகுராம்