விமானத்தில் இரண்டு மணி, ரயிலில் இருபத்தேழு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருப்பதாகப் போன வாரம் போனில் கேட்டுக்கொண்டேன், அப்படியே இருக்க வேண்டும். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் மறக்காமல் போட்டுக்கொள்கிறேன், கீழ்வரிசைப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் ஒழுகலை ஒரு வழியாக அடைத்துவிட்டார்கள். உறையின் மேல் இருக்கிற முகவரியைப் பார்த்து நீ முகம் சுளித்திருப்பாய். ஆமாம், பெரியப்பா வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். வந்து ஐந்து நாள் ஆகிறது. போன வாரம் நீ கூப்பிட்டபோது என் பெட்டி கட்டிலின் மேல் திறந்துதான் கிடந்தது, உன்னிடம் சொல்லவில்லை. போனில் சொன்னால் நடுவில் நீ ஒரு கேள்வி கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. அதனால்தான் இந்தக் கடிதம். வாசலில் நின்றபடியே படிக்காமல், குழந்தை தூங்கின பிறகு உட்கார்ந்து படி.

பெரியப்பாவுக்கு நுரையீரலில் புற்று வந்திருக்கிறது. இனி மருந்து வலிக்குத்தான், நோய்க்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம், அதிகம் போனால் இரண்டு மாதம். பெரியப்பா மகள், உன் அக்காதான் எனக்குப் போன் செய்து சொன்னாள். அம்மா போன இந்த மூன்று வருடத்தில் அவள் எனக்குப் போன் செய்தது அதுவே முதல் தடவை, நான்தான் யாரையும் கிட்டச் சேர்த்துக்கொள்ளவில்லையே. அவள் அழவில்லை. "சித்தப்பா, அப்பா உங்களைப் பார்க்கணும்னு கேக்கறார். விமானத்துக்கு நான் டிக்கெட் போட்டு அனுப்பறேன், ரெண்டே மணி நேரம்தான்" என்றாள். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரோ, "என் வண்டியிலேயே போயிடலாம், நானும் என் தம்பியும் மாத்தி மாத்தி ஓட்டறோம்" என்றார். நல்ல மனுஷர், கார் என்றால் எனக்கு என்ன ஆகும் என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டார், பிறகு அவருக்கே சங்கடமாகி எனக்கு வேண்டாத ஒரு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். நான் நேரே ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்று ரயிலுக்கு எடுத்தேன். இருபத்தேழு மணி நேரம்.

சாகக் கிடக்கிறவரைப் பார்க்கப் போகிறவன் இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டு இருபத்தேழு மணி நேரத்தை ஏன் எடுத்தான் என்று நீ கேட்பாய். அக்காவும் கேட்டாள், விமானத்தில் காது அடைக்கும் என்று சொல்லிவைத்தேன். உண்மை அதுவல்ல. விமானம் என்றால் காலையில் வீட்டைப் பூட்டின அதே முகத்தோடு மதியத்துக்குள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றிருப்பேன். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. காரில் போயிருந்தால் வழியில் அந்த வளைவு வரும். ரயிலில் யாரும் நம்மை ஒன்றும் கேட்க மாட்டார்கள், இறங்க வேண்டிய இடம் வரும்வரை நாம் போய்ச் சேரவில்லை என்பது நம் குற்றமும் ஆகாது. அப்படித்தான் நினைத்து ஏறினேன்.

கீழ்ப் படுக்கை கிடைத்தது, ஜன்னல் ஓரம். எதிரில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒருவரும் அவர் மனைவியும். முப்பது மாடிக் கட்டடத்திலெல்லாம் தொங்கி வேலை பார்க்கிறவராம், ஆனால் விமானத்தில் மட்டும் ஏறியதே இல்லையாம். "நமக்கு மேல நாலு கயிறு இருக்கணும் சார். விமானத்துக்கு மேல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார். அவர் மனைவி, "மேல கயிறு இல்லேன்னு சொல்லித்தான் இருபது வருஷமா என்னை எங்கேயும் கூட்டிட்டுப் போகலை" என்று சொல்லிக்கொண்டே அவித்த முட்டையை உரித்து எனக்கும் ஒன்று கொடுத்தாள். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தேன், அவ்வளவுதான். பல் பிடுங்கும்போது ஊசி போடுவார்களே, உதடு அங்கேயே இருக்கும், தொட்டால் வேறு யாருடைய உதடோ போல இருக்கும். அம்மா போனதிலிருந்து எனக்கு உள்ளே அப்படித்தான். முட்டையில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட இப்போது சொல்லத் தெரியவில்லை. டிக்கெட் பரிசோதகர் வந்தார், பெயரைக் கேட்டார், பட்டியலில் கோடு போட்டார். எனக்கு மேல் இருந்த படுக்கைக்கு ஆள் வரவில்லை. "ரெண்டு பேருக்குப் போட்டுட்டு ஒருத்தர் வரலையா" என்று கேட்டார். இல்லை, நான் தனி ஆள், அது வேறு யாருடையதோ என்றேன். அவர் போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் ஜன்னலைப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் இதே ரயிலில் இரண்டு பேருக்கு நான் ஒரு தடவை டிக்கெட் எடுத்திருந்தேன். அக்காவுக்குக் குழந்தை பிறந்ததைப் பார்க்க அம்மாவும் நானும் போவதாக இருந்தது. அம்மாவுக்கு ரயில் என்றால் அவ்வளவு இஷ்டம் என்பது உனக்கே தெரியும், ஒரு நாள் முழுக்க அடுப்பு கிடையாது, காலிங்பெல் கிடையாது, யாரும் எதையும் தேடித் தரச் சொல்ல மாட்டார்கள் என்பாள். போவதற்கு நான்கு நாள் முன்பு நான் அந்த டிக்கெட்டை ரத்து செய்தேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்றுதான் அவளிடம் சொன்னேன், உன்னிடமும் அதையேதான் சொன்னேன். மகளே, லீவு கிடைத்திருந்தது. குடிநீர் அலுவலகத்தில் எங்கள் வரைபடப் பிரிவு முதல் தடவையாகக் கேரம் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது, எனக்கு ஜோடியாக ஆடிய மீட்டர் பிரிவுக்காரர் நான் போய்விட்டால் வேறு ஆள் கிடையாது என்றார். ஓய்வு பெற ஆறு மாதம்தான் இருந்தது, இதுவரை நான் எதிலும் ஜெயித்ததில்லை. அதற்காக ரத்து செய்தேன். அலமாரியில் ஒரு கோப்பை இருக்கிறதே, இது எங்கிருந்துப்பா என்று நீ போன தடவை வந்தபோது தூசி தட்டிக்கொண்டே கேட்டாயே, ஓய்வு பெறும்போது கொடுத்தார்கள் என்று சொன்னேனே, அது அந்த ஆட்டத்தில் ஜெயித்தது.

அந்தச் சமயம் பெரியப்பா வேலையாக நம் ஊருக்குக் காரில் வந்திருந்தார். அவர் திரும்பும்போது அம்மா அவரோடு போவது என்று ஆனது. இரண்டு நாள் பயணம். இரண்டாவது நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, வளைவு தாண்டியதும் நடுச்சாலையில் பழுதாகி நின்ற லாரி. மீதி உனக்குத் தெரியும். பெரியப்பா பிழைத்தார், இடது கால் மட்டும் நேராகவில்லை. விசாரித்தவர்கள் அவர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நான்தான் அவர் தூங்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறார் என்று சொன்னேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை, நானாகச் சொன்னேன். உன்னிடம் சொன்னேன், அத்தையிடம் சொன்னேன், அவர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது அவர் முகத்துக்கு நேராகவும் சொன்னேன். அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதில் சொல்லாததால்தான் குற்றம் அவருடையது என்று நீயும் நம்பினாய். அதோடு நீ அவரிடம் பேசுவதை நிறுத்தினாய். நான் தடுக்கவில்லை.

மறுநாள் மதியம் ரயில் வந்து சேர்ந்தது. லிஃப்ட்காரர் என் பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தார். அக்கா பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள், பக்கத்தில் மூன்று வயதுக் குழந்தை, நாங்கள் பார்க்கப் போகாத அந்தக் குழந்தை. பெரியப்பாவின் அறை வெளிச்சமாக இருக்கிறது. ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டில், ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று மூலையில் உறுமிக்கொண்டே இருக்கிறது, ஸ்டூலில் மாத்திரைப் பெட்டி, வாய் அகலமான தம்ளர். ஆள் பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும், "ரயில்லயா வந்தே? உக்காரு, முதுகு வலிக்கும்" என்றார். பக்கத்தில் இருந்த ஆரஞ்சை எடுத்து உரித்தேன். அவர் சாப்பிட மாட்டார் என்று தெரிந்தும் ஒவ்வொரு சுளையாக நார் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சொன்னேன், "அண்ணே, அன்னைக்கு எனக்கு லீவு கிடைச்சிருந்தது." அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "தெரியும்" என்றார்.

அம்மாவே சொல்லியிருக்கிறாள். வண்டி கிளம்பின முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட்டாளாம். "லீவு கிடைக்கலையாம் உங்க தம்பிக்கு. எல்லாம் கிடைச்சிருக்கும், கேரம் ஃபைனல் இருக்கு. ஆடிட்டுப் போகட்டும், இந்த வயசுல அவருக்கு ஒரு கப்பு கிடைச்சா எனக்கென்ன நஷ்டம்" என்று சொல்லிச் சிரித்தாளாம். வழி முழுக்க இரண்டு பேரும் என்னைக் கேலி பேசிக்கொண்டே போயிருக்கிறார்கள். "சிரிச்சுக்கிட்டேதான் வந்தா. கடைசியா கதவைத் தட்டி, அந்தக் கடையில நிறுத்துங்க, தண்ணி வாங்கணும்னா. அதுக்கு முன்னால அந்த லாரி" என்றார். நான் கேட்டேன், இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை, நான் அத்தனை பேரிடமும் உங்களைச் சொல்லித் திரிந்தேனே என்று. "சொன்னா உன் கோபம் யார் மேல திரும்பும்? உன் மேலதானே. நீ தாங்க மாட்டே. எனக்கு ஏற்கெனவே கால் போச்சு, அதோட இதுவும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு இருமினார். நான் தண்ணீர் கொடுத்தேன். தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கழுவினேன். அக்கா வந்து குழாயை மூடின பிறகுதான் தெரிந்தது, தம்ளரை எப்போதோ கழுவி வைத்துவிட்டு வெறும் கையைத் தண்ணீரில் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அழுகை வருமென்று நினைத்தேன். வரவில்லை, இதுவரைக்கும் வரவில்லை. அதற்காக நீ பயப்படாதே.

ஐந்து நாளாக அவர் கூடத்தான் இருக்கிறேன். காலையில் முகம் துடைத்து விடுகிறேன், பேப்பர் படித்துக் காட்டுகிறேன், நான் படிப்பது வேகமில்லை என்று திட்டுகிறார். திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை, எல்லாம் முடிகிறவரை இங்கேதான். நான் தனியாக இருக்கிறேனே என்ற கவலை உனக்கு வேண்டாம். நீ வேலைக்கு நாற்பது நிமிடம் வண்டி ஓட்டுகிறாய், மாலையில் கண் கூசும் நேரத்தில் கிளம்பாதே, கால் மணி தாமதமானால் ஒன்றும் குடி முழுகிவிடாது. மாப்பிள்ளை முதுகுவலிக்கு உட்காரும் நாற்காலியை மாற்றச் சொல், களிம்பு தடவினால் போகாது. குழந்தைக்கு முன்பல் முளைத்த போட்டோவை அனுப்பு, அக்கா கேட்டாள்.

இதைப் படித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், அது எனக்கு வர வேண்டியதுதான், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். நான் உன்னிடம் சமாதானம் கேட்டு இதை எழுதவில்லை. அன்று வண்டி ஓட்டும்போது அவர் தூங்கவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் தினமும் இரண்டு தடவையாவது, "வாயாடி எப்படி இருக்கா" என்று கேட்கிறார். உன் குழந்தையின் பெயரை நான்தான் சொன்னேன், அதுவரை அவருக்குத் தெரியாது. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நீங்கள் மூன்று பேரும் நீண்ட நாள் ஒருவருக்கொருவர் துணையாக, குறையில்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. எங்கள் நேரத்துக்குக் காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை அவருக்கு வலி குறைவாக இருக்கிறது, அப்போது கூப்பிடு. என் நம்பருக்கு வேண்டாம், அவருடைய பழைய நம்பருக்கே அடி, அதை மாற்றவில்லை. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு நாளைத் தள்ளாதே, பெரியப்பா என்று கூப்பிட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கை நடுங்குவதால் போனை எடுக்க நேரமாகும். உடனே வைத்துவிடாதே. மணி அடித்து நின்றுபோனால் திரும்ப அடி.

உன் அப்பா