ஐந்து பங்கு மாத்திரை

கும்மிடிப்பூண்டி
8-2-1976

அன்புள்ள எல்லம்மா அக்காவுக்கு,

தம்பி திருமலை எழுதியது. நான் சௌக்கியம். போன தடவை நான் ஊருக்கு வந்தபோது இருமிக்கொண்டே இருந்தாயே, இப்போது எப்படி?

இரும்புப் பட்டறை வேலை நிரந்தரமாகும் போலிருக்கிறது. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். ரேஷன் கார்டு அவரவர் ஊரில் இருப்பதால் அரைவயிற்றுச் சாப்பாடுதான். பள்ளிப்பட்டிலிருந்து வந்த முனிகிருஷ்ணனுக்கு டி.பி. என்று தர்ம ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மற்ற நாலு பேருக்கும் இருமல்தான். ஆனால் ஆஸ்பத்திரியை மத்தியானமே மூடிவிடுகிறார்கள். லீவு போட்டால் வேலை போய்விடும். வீட்டுக்காரர் காதுக்கு எட்டினால் அறையும் போய்விடும்.

நான் ஒரு யோசனை செய்தேன். நம் பழவேற்காட்டில் வலையில் விழுந்த மீனைச் சமமாகப் பிரிப்போமே, அதே மாதிரி அவன் மாத்திரையை ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். "நீ தர்மராஜா நைனா" என்கிறான் முனிகிருஷ்ணன்.

உன் தம்பி,
திருமலை

பழவேற்காடு
15-2-1976

அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டு நின்றதில் சோறு தீய்ந்துபோயிற்று. உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா?

தடுப்பூசி போட வரும் நர்சம்மா சாராளிடம் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, பங்கு போட இது இன்னா மீனா? கொறச்சு முழுங்கினா நோவு போவாது, மருந்துதான் தோத்துப்பூடும்" என்றார். உங்களில் ஒருவருக்கும் குணமாகாது. அந்தப் பிள்ளை செத்தே போவான்.

மாத்திரையை இன்றே அவனிடம் கொடுத்துவிடு. வேலைக் கணக்கை முடித்துக்கொண்டு ஆடி பிறப்பதற்குள் ஊர் வந்து சேர். வராவிட்டால் நானே வந்து இழுத்துக்கொண்டு போவேன். என் இருமல் வெறும் அடுப்புப் புகை, அதை விடு.

அக்கா எல்லம்மா

கும்மிடிப்பூண்டி
28-6-1976

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு மாதமாக எழுதவில்லையே என்று கோபப்படாமல் படி. உன் கடிதம் வந்த அன்றே முனிகிருஷ்ணன் ரத்தமாக இருமினான். நல்லது செய்வதாக நினைத்து அவனைக் கொல்லப் பார்த்தேனே என்று அழுதுவிட்டேன். அன்று முதல் அவன் மாத்திரை முழுவதும் அவனுக்கே.

மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படி? ஏரியில் இன்று வலை போடுவது யார் முறை, நாளை யார் முறை என்று சீட்டுப் போட்டுப் பாடு வைப்போமே, அதை இங்கே வைத்தோம். பாடு விழுந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், அவன் வேலையையும் மற்றவர்கள் இழுத்துப் போட்டுச் செய்வோம். "வேல நிக்காம நடந்தா நான் இன்னாத்துக்குக் கேக்கப் போறேன்?" என்று மேஸ்திரி ராஜமாணிக்கம் விட்டுவிட்டார்.

எனக்கும் டி.பி. இருக்கிறது அக்கா. பயப்படாதே, ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை போடுகிறேன். எங்களைப் பார்த்து மற்ற அறைக்காரர்களும் பாடு வைத்தார்கள். கூட்டத்தைப் பார்த்த டாக்டரம்மா, தொழிலாளிகளுக்காகச் சனிக்கிழமை சாயங்காலமும் ஆஸ்பத்திரியைத் திறந்துவிட்டார்! எங்களை விரட்ட வந்த வீட்டுக்காரரிடமும் அவரே பேசி, "மாத்திரை போடுகிறவனை விரட்டாதீர்கள், ஒளிக்கிறவனால்தான் ஆபத்து" என்று அடக்கினார்.

நேற்று முனிகிருஷ்ணன் சளியில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தெருவிலேயே ஆடினான். "இன்னும் வருஷம் பூரா மாத்திர துன்னணும், தெரியுமில்ல?" என்றேன். "துன்றேன் நைனா, ஒனக்கு ஒண்ணுகூடத் தரமாட்டேன்" என்கிறான். ஜெயித்துவிட்டோம் அக்கா! ஆடிக்கு நான் வரவில்லை.

திருமலை

பழவேற்காடு
5-7-1976

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னை இனி இழுத்து வர மாட்டேன்.

ஆனால் நான் வருகிறேன். என் இருமல் அடுப்புப் புகை இல்லை என்று நர்சம்மா எப்போதோ சொல்லிவிட்டார். இறால் உரிக்கும் கொட்டகையில் லீவு போட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்று ஒளித்தேன். இப்போது கொட்டகைப் பெண்கள் நாங்களும் பாடு வைத்துவிட்டோம். முதல் பாடு எனக்குத்தான் விழுந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் நில். மடவை மீன் குழம்பு கொண்டு வருகிறேன். அதை ஐந்து பேரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மாத்திரை கொடுத்தால், அதில் உனக்குப் பங்கு கிடையாது.

உன் அக்கா,
எல்லம்மா