பன்னிரண்டாம் தாளுக்கு மேல்

லண்டன், 1713 ஏப்ரல் 3

என் அருமை மார்ஜரிக்கு,

நலம்தானே? எனக்குத் தூக்கமே இல்லை. அந்த வேத பண்டிதர் டாக்டர் ஸ்ட்ரூட் மறுபடியும் என் புத்தகத்துக்கு மறுப்பு அச்சடித்துவிட்டார். குருப்பட்டம் பெறாதவர் கொடுத்தாலும் ஞானஸ்நானம் செல்லுமாம்! அது வெறும் குளியல் என்று வெளுத்து வாங்கியிருக்கிறேன். ஒரு பிஷப்பின் வாயை மூடப் பார்க்கிறாரே! இத்துடன் வரும் முப்பது தாள்களையும் வழக்கம்போல உன் அழகான கையெழுத்தில் படியெடுத்து உடனே அனுப்பு. அச்சுக்காரர் காத்திருக்கிறார்.

உன் ஆம்புரோஸ்

ஆல்டன்பரி, ஏப்ரல் 9

அன்புள்ள கணவருக்கு,

என் இருமலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை; போகட்டும். பன்னிரண்டாம் தாளோடு என் கை நின்றுவிட்டது.

பதினொரு வருஷத்துக்கு முன் நீங்கள் லண்டனில் வேறொரு சண்டையில் இருந்தபோது நம் எட்மண்ட் பிறந்தான். உடம்பெல்லாம் நீலம். வெளியே முழங்கால் அளவு பனி. உதவிக் குருவானவர் வந்து சேரவில்லை. மருத்துவச்சி டாபித்தா, "அம்மா, பிள்ளை தங்காதும்மா. தண்ணிய இப்படிக் குடுங்க, நானே ஞானஸ்நானம் குடுத்துடறேன். கடவுள் என்ன, என்கிட்ட பட்டமா கேக்கப் போறாரு?" என்றாள். கொடுத்தாள். ஒரு மணி நேரம் இருந்தான்.

குருவானவர் கொடுத்தார் என்று உங்களிடம் பொய் சொன்னேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அடக்க ஜெபம் கிடையாது என்று எத்தனை முறை பிரசங்கம் செய்திருக்கிறீர்கள்! பயந்துவிட்டேன்.

உங்கள் தாள்களின்படி என் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான்? சொல்லுங்கள், மேலே எழுதுகிறேன்.

மார்ஜரி

லண்டன், ஏப்ரல் 14

மார்ஜரி,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். டாபித்தா தண்ணீரை ஊற்றினாளா, தெளித்தாளா? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரையும் சொன்னாளா? ஓர் அடிக்குறிப்பில் விலக்குக் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறேன். இப்போது பின்வாங்கினால், படித்தவர்கள் கூடி வாதாடும் காபிக் கடைகளில் என் மானம் போய்விடும். தாள்களை அனுப்பிவிடு.

ஆம்புரோஸ்

ஆல்டன்பரி, ஏப்ரல் 19

மாட்சிமை தங்கிய பிஷப் அவர்களுக்கு,

தாள்கள் இத்துடன். மிச்சத்தை நீங்களே படியெடுத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளை அடிக்குறிப்பு இல்லை.

மார்ஜரி

லண்டன், ஏப்ரல் 25

மார்ஜரி,

உட்கார்ந்து படியெடுத்தேன். என் வாதத்தில் இன்னமும் ஓர் ஓட்டைகூடத் தெரியவில்லை. ஓட்டை தெரியாவிட்டாலும் எல்லாத் தாளையும் நெருப்பில் போட்டுவிட்டேன். ஸ்ட்ரூட் சிரித்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருஷம் என்னிடம் மறைத்தாயே என்று உன் மேல் கோபமும் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை வண்டியில் வருகிறேன்.

எட்மண்ட் பிறந்த சேதி கேட்டு அன்று நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. பிள்ளை யார் சாயல், மார்ஜரி? இதுவரை நான் உன்னைக் கேட்கவேயில்லையே.

ஆம்புரோஸ்