திரும்பும் நேரம் பூச்சியமாக இருந்தது

எத்தாளை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜுமானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹா வெயிலில் நீ சுகமாய் இருக்க துஆச் செய்கிறேன். இங்கே வாப்பாவின் பிரஷர் மட்டுப்பட்டிருக்கிறது, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் நேற்றுக் காலை அஸீஸா வந்து, "போன் சரியெண்டு காட்டினதுதானே டீச்சர், அப்ப ஏன் மணி அடிக்கல்ல?" என்று கேட்டாள். அவளுடைய கணவர் ஹஸ்மியும் அவரோடு தொழிலுக்குப் போகும் கில்பட்டும் திங்கள் விடியற்காலை கடலுக்குப் போனவர்கள், செவ்வாய் மாலை திரும்பியிருக்க வேண்டும், இன்னும் இல்லை. படகு பிந்தினால் மீனவர் சங்கத்தில் மணியடிக்கும் என்று நான் செய்துகொடுத்த செயலியை நம்பி அவள் யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டாள். நேற்றிலிருந்துதான் படகுகள் தேடுகின்றன, அரை நாள் வீணாகிவிட்டது.

செயலியை எழுதிய கொட்லின் நிரல்மொழியில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும், அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. ஒரு படகைச் செயலியில் பதியும்போது முதலில் எல்லாப் படகுக்கும் பொதுவான வகுப்பு உருவாகும், அப்போதே மணியை வைத்துவிட அவசரப்பட்டு, அந்த இடத்திலேயே 'இது ஆழ்கடல் படகு' என்று வகைமாற்றம் செய்து திரும்பும் நேரத்தைக் கேட்டேன். வகைமாற்றம் தடையில்லாமல் நடந்தது, அது உண்மையில் ஆழ்கடல் படகுதானே. ஆனால் ஆழ்கடல் படகுக்குரிய விவரங்கள் நிரம்புவது பொது வகுப்பின் வேலை முடிந்த பிறகு. நான் கேட்ட கணத்தில் அந்த நேரம் வெறும் பூச்சியம், பூச்சியமென்றால் மணி வேண்டாம் என்று எழுதியவளும் நானே. பிறகு திரையைத் திறந்தால் முப்பத்தாறு மணித்தியாலம் என்று ஒழுங்காய்த் தெரிகிறது, யாருக்குச் சந்தேகம் வரும்? எழுதும்போதே அந்த நிரல் வரியின் கீழ் மஞ்சள் எச்சரிக்கைக் கோடு விழுந்தது, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

உன் நானா இனாஸ், "உம்மா, வாயத் தொறக்காதீங்க, கடல் செஞ்சதுக்கு நீங்க என்ன செய்ய?" என்கிறான். ஊரில் எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்கிறார்கள். என் கவனயீனத்தை அதற்குள் ஒளித்துவைக்க எனக்கு மனமில்லை. நாளைக் காலை அவளிடம் சொல்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரத்தப் பரிசோதனையை இன்னும் தள்ளிப்போடாதே. அல்லாஹ் உன்னைக் காப்பானாக. அந்த இருவருக்கும் துஆச் செய்.

உன் உம்மா
பஸீஹா

வெள்ளி மாலை: அனுப்பாமல் வைத்திருந்தேன். காலையில் அஸீஸாவிடம் சொன்னேன். "போனை ஆரு டீச்சர் நம்பினது, உங்களத்தானே நம்பினேன்" என்றாள். ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம் கற்பிட்டிப் படகொன்று அவர்களுடைய படகை இழுத்து வந்தது. ஹஸ்மி நடந்து இறங்கினார். கில்பட்டைத் தூக்கி இறக்கினார்கள், உயிர் இருக்கிறது, பேச்சில்லை. புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆம்புலன்சில் ஏறுமுன் அஸீஸா தன் போனை என்னிடம் நீட்டி, செயலியை அழிக்கச் சொன்னாள். அவளுக்கு முன்னாலேயே அழித்துக் கொடுத்தேன்.