ஈட்டில் இருக்கும் வீடு

1981 மார்ச் 26

சம்பள நாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வங்கிக்குப் போனேன். முதலில் வீட்டுக்குப் போனால் காசு கரைந்துவிடும். உம்மாவின் மருந்து, நதீராவின் புத்தகம், ஒழுகும் ஓடு என்று ஏதாவது ஒன்று வாசலிலேயே காத்திருக்கும்.

தவணை இருநூற்று எழுபத்தைந்து. அதற்கு மேல் நூறு வைத்தேன். கடன் பிரிவில் இருக்கும் சீனித்தம்பி அண்ணன் காசை இரண்டு தரம் எண்ணிவிட்டு, "டீச்சர், கூடுதலாக் கிடக்கு" என்றார். தெரியும், கடனின் முதல் தொகையில் கழித்துவிடுங்கள் என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கேட்டதையே கட்டாமல் திரிகிற ஊரில் கேட்காததைக் கட்ட ஒருத்தி வந்தால் பார்க்கத்தானே செய்வார்.

தவணையில் பெரும்பங்கை வட்டி தின்றுவிடுகிறது. மேலதிக நூறு மட்டும் முழுதாக முதலில் விழுகிறது. இதை எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன், பிள்ளைகளுக்கு விளங்குகிறது. உம்மாவுக்கு விளங்கவில்லை. "கேக்காத காச ஏன் புள்ள குடுக்காய்?" என்கிறா.

தபால் கந்தோரில் எழுபத்தைந்து போட்டேன். அது கைக்கூலிக்கு. வரப்போகும் மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டிய காசு. எந்த மாப்பிள்ளை? அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

1981 மார்ச் 27

நேற்று எழுதியதைப் படித்தேன். ஏன் இவ்வளவு எரிச்சல்? வாப்பா எனக்கு நல்லதுதான் செய்தார். கடை வைத்திருந்த அவருக்குச் சம்பளத் துண்டு இல்லை என்று வங்கி கைவிரித்தது. எனக்கு ஆசிரியை நியமனம் வந்த கையோடு என் பெயரில் கடனெடுத்து, என் பெயரில் இந்த வீட்டைக் கட்டினார். மூத்தவளுக்கு வீடு இல்லாமல் கல்முனைக்குடியில் எவன் வருவான்? மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதுதானே எங்கள் வழக்கம். தான் இருந்தவரை தவணையையும் அவரே கட்டினார். போன வருடம் மௌத்தானார். இப்போது வீடு எனக்கு, கடனும் எனக்கு. வயது இருபத்தொன்பது.

1981 மே 9

மனதை ஏமாற்ற ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஒவ்வொரு மாதத்து மேலதிக நூறுக்கும் வீட்டில் ஒரு துண்டை மீட்டதாக வைத்துக்கொள்வது. மார்ச்சுக்கு அடுக்களை யன்னல். ஏப்ரலுக்கு முன்கதவின் ஒரு பலகை. மீட்ட யன்னலைத் துடைக்கும்போது கை வேறுமாதிரித் துடைக்கிறது. பைத்தியம்தான். ஆனால் இந்தப் பைத்தியம் இல்லாவிட்டால் நான் அந்த நூறுக்குச் சேலை எடுத்துவிடுவேன்.

1981 ஓகஸ்ட் 1

நாளை பெருநாள். நதீராவுக்கும் உம்மாவுக்கும் உடுப்பு எடுத்தேன். எனக்கு எடுக்கவில்லை. மீராமுகைதீன் மாமா நோன்பு திறக்க வந்தவர், வட்டி வாங்குவது எவ்வளவு பாவமோ கொடுப்பதும் அவ்வளவு பாவம் என்று உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான். அவர் உம்மாவின் தம்பி, வாப்பா கடனெடுக்கும்போது கூடவே போய்ச் சாட்சிக்கு நின்றவர். அன்றைக்குப் பாவம் தெரியவில்லை போலும்.

இருந்தாலும் அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்தது. பதினைந்து வருடக் கடனின் பாவத்தை எட்டு வருடமாகக் குறைக்கலாம் என்றால் பட்டினி கிடந்தும் கட்டலாம். பெருநாளுக்கு அடுத்த வாரமே மேலதிகம் கட்ட வேண்டும்.

1982 பெப்ரவரி 14

அக்கரைப்பற்றுச் சம்பந்தம் விட்டுப்போயிற்று.

மாப்பிள்ளையின் உம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தா. கிணற்றை எட்டிப் பார்த்தா. என்னையும் பார்த்தா. பிறகு வீட்டின் உறுதிப் பத்திரத்தைக் கேட்டா. வங்கியில் இருக்கிறது என்று உம்மா சொல்ல, அந்த மனிசி கையிலிருந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டா. "ஈட்டில இரிக்கிற வீட்டுக்கு எப்பிடிகா மகன அனுப்புற?"

இது இரண்டாவது. முதலாமவர்களும் இதைத்தான் கேட்டார்கள், கொஞ்சம் மரியாதையாக.

கட்ட வேண்டும். இன்னும் ஐம்பது கூட்டிக் கட்ட வேண்டும். பின்னேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். யா அல்லாஹ், களைப்பாக இருக்கிறது.

1982 ஒக்டோபர் 3

யாரும் கேட்டு வரவில்லை. மண்டபத்துச் சுவர் முழுவதும் மீட்டாயிற்று.

1983 மே 18

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதாவிட்டால் நித்திரை வராது.

மாமா வந்தார். சாய்ந்தமருதில் ஒரு மாப்பிள்ளையாம், பெயர் ஜவுபர், குவைத்திலிருந்து வந்திருக்கிறாராம். நல்ல இடம் என்றார். உம்மாவின் முகம் மலர்ந்தது. நான் தேத்தண்ணி ஊற்ற எழுந்தேன், வெட்கமாகக்கூட இருந்தது எனக்கு. அப்போதுதான் மாமா சொன்னார், அவர்கள் கேட்பது நதீராவை என்று.

நதீராவுக்கு இருபத்தொன்று. கேட்காமல் என்ன செய்வார்கள்?

வீடு என்ன செய்வது என்று உம்மா கேட்டா. மாமா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நீ சம்பளக்காரி, முனவ்வறா. ஒனக்கு கவர்மெண்டு பென்சன் தரும். அவளுக்கு ஆரு இரிக்கா? நீதான் கெதியாக் கட்டி வாறாயே. உறுதி கைக்கு வந்தா தங்கச்சிட பேருக்கு எழுதிக் குடு."

உம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டா. பிறகு, "அவன் சொல்றதும் சரிதானே மகள்" என்றா. மகள் என்று சொன்னா. புள்ள என்றுகூடச் சொல்லவில்லை, அவ்வளவு அன்பாக.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

1983 மே 19

எனக்கு முப்பத்தொன்று. அவர்கள் கணக்கில் என் கலியாணம் முடிந்துபோயிற்று. நடக்காமலே முடிந்துபோயிற்று. ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, வீட்டைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

1983 மே 26

சம்பளம். வங்கி வாசலில் கனநேரம் நின்றேன். தவணையை மட்டும் கட்டினேன்.

"இந்த மாசம் கூடுதல் இல்லையோ டீச்சர்?" என்று கேட்டார் சீனித்தம்பி அண்ணன். செலவு என்றேன்.

நடந்து வரும்போதுதான் தெளிவாயிற்று. ஈடு மீளாத வீட்டை எவரும் எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. கடன் இருக்கும்வரை உறுதி வங்கியின் இரும்புப் பெட்டியில். அது அங்கே கிடக்கும்வரை வீடு என்னுடையது. நான் எவ்வளவு வேகமாகக் கட்டுகிறேனோ அவ்வளவு கெதியாக என் வீட்டை விட்டு வெளியே போகிறேன். இரண்டு வருடமாகச் சேலை எடுக்காமல், பசியோடு, மற்றவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து... எதற்கு? எனக்கே நான் வாசல் காட்டவா?

அந்த மேலதிகக் காசைத் தபால் கந்தோரில் போட்டேன்.

1983 ஓகஸ்ட் 4

ஜூலைக் கலவரத்தால் நாடெங்கும் ஊரடங்கு. வங்கி பூட்டு. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், வங்கி பூட்டியிருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

1983 நவம்பர் 22

மாமா கேட்டார், இன்னும் எவ்வளவு என்று. வங்கியில் கணக்குப் பார்க்கிறார்கள், சுணங்கும், நாளாகும் என்று சொன்னேன். பொய். கண்ணைப் பார்த்தே சொன்னேன். பெரும்போக அறுவடை முடியும்வரைதான் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பார்களாம்.

பொறுக்காவிட்டால்? போகட்டும். எனக்கு வந்தவர்கள் போகவில்லையா? அப்போது மாமா எங்கே இருந்தார்?

நதீரா அடுக்களையில் பாட்டை முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவுகிறாள். அவளை வெறுக்கப் பார்த்தேன். முடியவில்லை. வாப்பா கடையே கதி என்று கிடந்த நாட்களில் அவளைத் தூக்கி வளர்த்தது நான்தான்.

1984 ஜனவரி 20

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நதீரா என் அறைக்கு வந்தாள். கைலேஞ்சியில் முடிந்த காசைக் கட்டிலில் வைத்தாள். எனக்குத் தெரியாமல் பன்பாய் இழைத்து விற்றிருக்கிறாள். விரலெல்லாம் வெட்டு.

"ராத்தா, இதயும் சேத்து வங்கில கட்டுங்க. நீங்க தனியக் கட்டுறது எனக்குப் பாவமாரிக்கி."

"வீடு ஒனக்கெண்டு தெரியுமா?" என்று கேட்டேன்.

"மாமா சொன்னாரு. எனக்கு வாணாமெண்டன். அப்பிடியெண்டா ஜவுபர்ட ஆக்கள் வரமாட்டாங்களாம்."  அழுதாள். அவரை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது, கேட்கவும் இல்லை.

மாமாவாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். இவளை என்ன செய்வது?

1984 ஜனவரி 27

வங்கி. தவணை, என் மேலதிகம், நதீராவின் பாய்க்காசு. சீனித்தம்பி அண்ணன் சந்தோசப்பட்டார். எனக்கு வாய் கசந்தது.

1984 ஜூலை 11

மாப்பிள்ளை வீட்டார் இந்த வருடக் கடைசிவரை பொறுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம். மாதம் முழுக்க ஒரே நினைப்பு: கட்டு, கட்டு, கட்டி முடி. முன்பு வீட்டை நினைத்துக் கட்டினேன். இப்போது முடிந்தால் போதும் என்று கட்டுகிறேன். பல்லைப் பிடுங்கப் போகிறவள் கெதியாகப் பிடுங்குங்கள் என்று சொல்வாளே, அப்படி. இன்று என் காப்பு இரண்டையும் விற்றேன். யாருக்காக வைத்திருப்பது?

1984 ஒக்டோபர் 9

கடன் தீர்ந்தது. உறுதியை வாங்கினேன். பழுப்பேறிய தாள், வாப்பா சாட்சியாக இட்ட கையெழுத்து, பக்கத்தில் மாமாவுடையது. சீனித்தம்பி அண்ணன் எழுந்து நின்று தந்தார். காலத்துக்கு முந்தி முடித்தவர்கள் இந்தக் கிளையில் மிகக் குறைவாம்.

வீட்டுக்கு வந்து ஒருவரிடமும் சொல்லாமல் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரே ஒரு இரவு முழுவதும் கடனில்லாத வீடு எனக்கு இருக்கட்டும் என்று.

1984 ஒக்டோபர் 10

வீட்டை நதீராவின் பெயருக்கு மாற்றும் உறுதியை நொத்தாரிசு வாசித்துக் காட்டினார். கையெழுத்து வைத்தேன். நதீரா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமா எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார்.

1984 நவம்பர் 30

இப்போது கைக்கூலி. மாமா சுற்றி வளைத்து வந்தார். தபால் கந்தோர்ப் புத்தகத்தில் என் கலியாணத்துக்கென்று போட்டது இருக்கிறதே, சும்மாதானே கிடக்கிறது.

சும்மா கிடக்கிறதாம்!

இல்லை என்றேன். வாழ்நாளில் மாமாவிடம் முதல்தரம். உம்மா அழுதா. "ஒரு வகுத்துப் புள்ளைகள்தானே" என்றா. வீடு கொடுத்தேன், காப்பு கொடுத்தேன், இது தரமாட்டேன் என்றேன். குரல் நடுங்கியது. கோபத்தில் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். பயத்தில்.

கடைசியில் உம்மா நாவிதன்வெளி வயலை ஈடு வைத்தா.

1985 ஜனவரி 28

நேற்றுக் கலியாணம். என் அறைதான் பெரியது, யன்னல் கிழக்கே திறக்கும். அதைப் பெண் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, என் கட்டிலை அடுக்களைக்குப் பக்கத்து அறைக்கு இழுத்தோம். ஜவுபர் மரியாதையான பிள்ளை. தானே வந்து கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். "ராத்தா, இது உங்கட வீடு" என்றார். அப்படிச் சொல்ல வேண்டிவருவது வீட்டுக்காரருக்குத்தானே.

1985 மார்ச் 6

அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் நான் மண்டபத்தில் உட்காருவதில்லை. யாரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் சுணங்கி நிற்கிறேன், கரும்பலகை துடைக்கிறேன், துடைத்ததையே துடைக்கிறேன். கேற்றைப் பூட்ட வரும் காவலாளிகூடக் கேட்டுவிட்டார், வீட்டுக்குப் போகவில்லையா என்று.

செத்துப்போனால் இந்த அறை சாமான் வைக்க உதவும். அஸ்தஃபிருல்லாஹ். இப்படி நினைக்கக் கூடாது.

1985 மே 22

ஏப்ரலில் நடந்த தமிழர் முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு முதன்முதலாகக் கல்முனைக்குப் போனேன். தமிழர் பக்கமும் எரிந்து கிடக்கிறது, எங்கள் பக்கமும் எரிந்து கிடக்கிறது. இப்படி வீடு இழந்தவர்கள் இருக்க, நான் என்ன அழுகிறேன்? இந்தக் கேள்வியை ஐந்து தரம் கேட்டுவிட்டேன். அழுகை நிற்கவில்லை.

சீனித்தம்பி அண்ணன் வேலைக்கு வந்திருந்தார், மெலிந்துபோய். சுகமா என்று கேட்டேன். உயிர் கிடக்கு டீச்சர் என்றார்.

1985 செப்டம்பர் 12

தபால் கந்தோர்க் காசை எடுத்தேன். வட்டியைத் தொடவில்லை, அதை அகதி முகாமுக்குக் கொடுத்துவிட்டேன். முதல் தொகையைக் கொடுத்துச் சாய்ந்தமருதில் கடலோரம் ஒரு துண்டு வளவு வாங்கினேன். வெறும் மணல், இரண்டு தென்னை. கையெழுத்து வைத்த பிறகுதான் உம்மாவிடம் சொன்னேன். தனிய ஒரு பொம்பிள எப்பிடி இருப்பாய் என்று கேட்டா. இப்போதும் தனியத்தானே என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை.

1985 டிசம்பர் 7

நதீராவின் பிள்ளைக்குப் பெயர் வைத்தோம். பெண் பிள்ளை. ஸுல்பிகா. மடியில் வாங்கியபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மனம் கொஞ்சம் இளகியது.

மாமா பக்கத்தில் கதிரையில் இருந்தார். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தபடி, "இந்தக் குமருக்கு வாப்பா கவலப்படத் தேவல்ல. முனவ்வறாட வளவு இரிக்கிதானே" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

1985 டிசம்பர் 18

வங்கிக்குப் போனேன். சாய்ந்தமருது வளவை ஈடு வைத்து இரண்டு அறை கட்டக் கடன் கேட்டேன். சீனித்தம்பி அண்ணனே படிவம் நிரப்பினார். பத்து வருடம் போட்டால் வட்டி குறையும் என்றார். நான் மேலதிகம் கட்டுகிறவள் என்பதால் ஏழெட்டு வருடத்திலேயே முடித்துவிடலாம் என்று தானே கணக்கும் போட்டுக் காட்டினார்.

ஆகக் கூடிய காலம் எவ்வளவு என்று கேட்டேன். இருபது வருடம்.

"இருபதே போடுங்கண்ணன். நான் தவணைய மட்டும் கட்டுறன்."

பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "வட்டி கனக்கப் போகுமே டீச்சர்?"

"போகட்டும். உறுதி உங்கட பெட்டில கிடக்கட்டும்."

அவர் எழுதினார். வட்டி கொடுப்பது பாவம்தான். அதை அல்லாஹ்விடம் நான் கதைத்துக்கொள்கிறேன். வரும் வழியில் எனக்கு ஒரு சேலை எடுத்தேன், நீலத்தில்.